உறைபெட்டியில் ஒரு கட்டுச்சோறு

கண்டி நகரிலிருந்து புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, குருநாகலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கலகெதர என்னும் சிற்றூர். மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் இடம் அது. கண்டி இராச்சியம் நிலைத்திருந்த நாளில் அதன் வாயில்களுள் ஒன்றாக அவ்வூர்க் கணவாய் விளங்கிற்று. 1803ஆம் ஆண்டு கண்டியைக் கைப்பற்றப் புறப்பட்ட ஆங்கிலப் படை கலகெதரக் காவலரணைக் கடந்தே மலையேறிற்று. போர்க் காலம் போக ஏனைய காலங்களில் அவ்வழியே ஏறி இறங்கியவை தவளங்கள். உப்பும் கருவாடும் சுமந்து கரையோரத்திலிருந்து வந்த பொதிமாடுகள், பாக்கைச் சுமந்து திரும்பின. அத்தொழிலில் ஈடுபட்ட முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த மடிகே என்னும் பகுதி கலகெதரவை அடுத்து இன்றும் உண்டு.

தவளத்தோடு நடந்தவன் வழியில் அடுப்பு மூட்டி ஆற அமரச் சமைத்திருக்க இயலாது. விடியுமுன் புறப்படுவோன் இரவே கட்டிவைத்த உணவை எடுத்துச் செல்வதே வழக்கம். தமிழர் அதனைக் கட்டுச்சோறு என்பர். சிங்களர் பத் முல என்பர். நாளைய பசிக்கு இன்றே சமைத்து வைக்கும் அறிவு நமது நாட்டுக்குப் புதியதன்று. அவ்வறிவு இன்று குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறைக்குள் புகுந்திருப்பது மட்டுமே புதியது. பாண் துண்டுகளினிடையே உள்ளீடு வைத்து, ஒரு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ வேண்டிய காலையுணவை ஒரே நாளில் செய்து உறையவைத்துக்கொள்ளும் முறை பற்றியதே இன்றைய பேச்சு.

இம்முறை யாருக்குத் தேவை என்று முதலில் கேட்டல் தகும். இலங்கையில் அரசாங்கப் பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. கலகெதரவிலிருந்து கண்டியில் உள்ள பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை, கட்டுகஸ்தோட்டையிலிருந்து நகரம் வரை நீளும் வாகன நெரிசலையும் கணக்கிற் கொண்டு, 6 மணிக்கு முன்பே பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கவேண்டும். அப்பிள்ளை உண்டு செல்லவேண்டுமாயின் தாய் 4 மணிக்கு எழவேண்டும். இடியப்பம் பிழிவதும், பிட்டு அவிப்பதும், தேங்காய் துருவிச் சம்பல் அரைப்பதும் அரை மணித்தியாலத்தில் முடியும் வேலைகளல்ல. தாயும் வேலைக்குச் செல்பவளாயின் வேறொன்று நிகழ்கிறது. பிள்ளை ஒரு கோப்பைத் தேநீரோடும் இரண்டு பிஸ்கற்றோடும் புறப்படும். தாய் அதுவுமின்றிப் புறப்படுவாள். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பிரட்டுக்களத்துக்கு விரையும் பெண்ணின் நிலையும் இதுவே. எல்லாருக்கும் ரொட்டி சுட்டு வைத்தவள், தனக்குரியதை ஓர் இலையில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு மலையேறுகிறாள். அதை உண்ண அவளுக்கு நேரம் வாய்ப்பது வெயில் ஏறிய பின்னரே.

ஆகவே, இது சோம்பலுக்குத் துணைபோகும் ஏற்பாடு என்று எள்ளுவோர், அந்த 4 மணிக்கு அடுப்படியில் நிற்பது யார் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

பாணைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அச்சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றது. கோதுமை விளையாத நாட்டில், கப்பலில் வரும் கோதுமையைத் திருகோணமலைச் சீனன்குடாவிலும் பிற இடங்களிலும் மாவாக்கி, அம்மாவில் செய்த பாணை ஊர்தோறும் உண்கிறோம். ஒரு றாத்தல் பாண் என்று கடையில் கேட்கும் வழக்கம், றாத்தல் என்னும் அளவை மறைந்த பின்னரும் மறையவில்லை. இன்று அதன் நிறை 450 கிராம். கலகெதரவைப் போன்ற ஊர்களின் உள்வீதிகளுக்கு அப்பாண் முச்சக்கர வண்டியில் பாட்டோடு வருகிறது. பீதோவன் என்னும் ஜெர்மானிய இசைமேதை பியானோவுக்கென 1810ஆம் ஆண்டளவில் இயற்றிய மெட்டொன்று, இலங்கையின் ஒழுங்கைகளில் பாண் வந்துவிட்டது என்னும் அறிவிப்பாகப் பயன்படுவதை அவர் அறிந்திருப்பின் யாது நினைத்திருப்பாரோ! நம்மவர் அதனைச் சூன் பாண் என்றே பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர்.

பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சியோ வேறெதுவோ வைத்து உண்ணும் முறைக்குச் சாண்ட்விச் என்னும் பெயர், ஆங்கிலப் பிரபு ஒருவரின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், 1762ஆம் ஆண்டு தமது நாட்குறிப்பில் அச்சொல்லை எழுதியுள்ளார். பெயர் அங்கிருந்து வந்ததாயினும், சீனிச் சம்பலை உள்ளே வைத்த பணிஸை உண்டு வளர்ந்த மலைநாட்டுப் பிள்ளைக்கு அப்பண்டம் அந்நியமானதன்று.

இனி, பாணை ஏன் உறையவைக்கவேண்டும், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. பாண் பழசாவது அது உலர்ந்து போவதால் என்றே பொதுவாக எண்ணுகிறோம். 1852ஆம் ஆண்டு பூசிங்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞர், நீராவி வெளியேறாதவாறு மூடிவைத்த பாணும் பழசாவதைக் கண்டார். அதனை ஏறக்குறைய 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கியபோது மீண்டும் புதியதுபோல் மென்மையுறுவதையும் கண்டார். இதன் காரணம் மாப்பொருளில் உள்ளது. வேகும்போது நீரை ஏற்று நெகிழ்ந்த மாப்பொருள், ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் இறுகி ஒழுங்குபடுகிறது. அவ்விறுக்கம் மிக விரைவாக நிகழ்வது உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். அறையின் வெப்பத்தில் வைத்த பாணைவிட அங்கே வைத்த பாண் விரைவில் வறட்டுத் தன்மை எய்துகிறது. ஆனால், உறைபனி அறையின் கடுங்குளிரில் அம்மாற்றம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

நமது இல்லத்தரசிகள் இதனை நூலிற் படியாமலே அறிவார்கள். முதல்நாள் இடியப்பம் மறுநாள் விறைத்துக் கிடந்தால் அதனை எறிந்துவிடுவதில்லை. சிறிது நீர் தெளித்து மீண்டும் ஆவியில் வைப்பார்கள். பூசிங்கோல் கண்ட உண்மையும் நீற்றுப்பெட்டிக்காரி கண்ட உண்மையும் ஒன்றே.

உறையவைத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. கிளாரன்ஸ் பேட்சை என்னும் அமெரிக்கர், 1912ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இன்றைய கனடாவின் வடகிழக்கில் உள்ள லாப்ரடோரில் வாழ்ந்தார். கடுங்குளிர்க் காற்றில் பிடித்த மீன் பிடித்தவுடனே உறைந்து கல்லாவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தபோது அது புது மீனைப் போலவே இருப்பதையும் அவ்விடத்து மக்களிடம் கண்டார். விரைந்து உறைந்தால் பனிப்படிகங்கள் சிறியனவாக உருவாகும். மெல்ல உறைந்தால் அவை பெரியனவாக வளர்ந்து, உணவின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். 1930ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரக் கடைகளில் அவர் முறைப்படி உறையவைத்த உணவுகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. வீட்டுப் பெட்டியால் அத்துணை விரைவாக உறையவைக்க இயலாது. எனினும், பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரு தட்டில் பரப்பி, அறையின் மிகக் குளிர்ந்த பகுதியில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்து, இறுகிய பின்னர் அடுக்கினால் பெரும்பயன் விளையும்.

நுண்ணறைகள் கிழியும் என்ற செய்தியிலிருந்தே எவற்றை உள்ளே வைக்கலாகாது என்பது தெளிவாகும். தக்காளித் துண்டு, வெள்ளரிக்காய், சலாது இலை, பச்சை வெங்காயம் ஆகியவை நீர் நிறைந்தவை. உறைந்து இளகும்போது அவை நீரை விட்டுத் துவண்டு, பாணைக் கூழாக்கிவிடும். அவித்த முட்டையை வட்டமாக அரிந்து வைப்பதும் ஆகாது; வெண்கரு இறப்பர் போலாகிவிடும். மயோனைஸ் என்னும் முட்டைக் கலவை திரிந்து எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரியும். கட்டியாக நறுக்கிய உருளைக்கிழங்கு கடற்பஞ்சைப் போலாகும். ஆனால் அதனையே நன்கு மசித்துச் சிறிது எண்ணெயோடு கிண்டினால் கெடாது. தேங்காய்ச் சம்பலையும் இவ்வேலைக்கு எடுக்காதிருத்தல் நன்று. சமைக்காத தேங்காயும் பச்சை வெங்காயமும் தேசிப்புளியும் கையாற் பிசைந்து சேர்க்கப்படும் அப்பண்டம், அவ்வப்போது செய்து அவ்வப்போது உண்பதற்கே உரியது. தேங்காயைத் துருவித் தனியே உறையவைப்பது வேறு விடயம். அது நன்றாகவே இருக்கும், விடியற்காலையில் திருவலையோடு போராடும் வேலையையும் குறைக்கும்.

உறையவைப்பதற்கு நம் நாட்டு உள்ளீடுகளுள் முதலிடம் சீனிச் சம்பலுக்கே தரவேண்டும். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, எண்ணெயில் றம்பை, கறிவேப்பிலை, கறுவாப்பட்டையோடு இளந்தீயில் நெடுநேரம் வதக்கி, அதன் நீர் முழுதும் வற்றியபின் மிளகாய்த்தூளும் புளியும் மாசித்தூளும் சேர்த்து, இறுதியிற் சீனி இட்டு இறக்குவது அது. நீர் வற்றியமையாலும் சீனியும் எண்ணெயும் மிக்கமையாலும் அது கடினமாக உறைவதில்லை. இளகும்போது பாணை நனைப்பதுமில்லை. அவசரப்பட்டு வெங்காயம் அரைவதங்கலாய் இருக்கும்போதே சீனியை இட்டால் சம்பல் கசிந்து வழியும். இவ்வொரு பண்டத்தில் பொறுமைக்குப் பதிலாக இடக்கூடிய பொருள் வேறில்லை. சைவ உணவுக்காரர் மாசியை விட்டுவிடலாம். சிறிது உப்பும் மிளகும் கூட்டினால் சுவை குன்றாது.

அடுத்தது டின் மீன். 425 கிராம் தகரத்தில் வரும் மீனின் நீரை வடித்து, நடுமுள்ளை நீக்கி உதிர்த்துக்கொள்ளவேண்டும். அவித்து மசித்த உருளைக்கிழங்கு 250 கிராம், வதக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூள் ஆகியவற்றோடு அம்மீனைச் சட்டியில் இட்டு, ஈரம் வற்றி உருண்டு வரும்வரை கிண்டுக. கட்லட்டுக்கு உரிய கலவையே இது. உருட்டிப் பொரிக்கும் வேலை மட்டுமே மிச்சம். தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர் சில துளி விடலாம்.

மூன்றாவது முட்டை. அவித்த முட்டை ஆகாது என்றோம். அடித்த முட்டை ஆகும். 6 முட்டைகளை 3 மேசைக்கரண்டிப் பாலோடு அடித்து, முன்னமே வதக்கி ஆறவைத்த வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, எண்ணெய் தடவிய தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, இடியப்பம் அவிப்பதுபோல் ஆவியில் அவிக்கவேண்டும். நடுப்பகுதி நீர்மையின்றி முழுதும் வெந்திருத்தல் இன்றியமையாதது. ஆறியபின் பாண் துண்டின் அளவுக்குச் சதுரமாக வெட்டிக்கொண்டால், உதிராத, வழியாத உள்ளீடு ஆயத்தம்.

பாணைப் பொறுத்தவரை அன்று சுட்டதை அன்றே எடுத்தல் வேண்டும். மூன்றாம் நாட் பாணை உறையவைத்தால் மூன்றாம் நாட் பாணே திரும்பி வரும். குளிர் எதையும் புதுப்பிப்பதில்லை. ஒரு றாத்தல் அச்சுப் பாணை 12 துண்டுகளாக வெட்டினால் 6 சாண்ட்விச்சுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் பட்டரையோ மாஜரினையோ ஓரம்வரை மெல்லியதாகப் பூசவேண்டும். இது சுவைக்காக மட்டுமன்று. கொழுப்பின் அம்மெல்லிய படலம், உள்ளீட்டின் ஈரம் பாணுக்குள் இறங்காமல் தடுக்கும் அணையாகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, உள்ளீடு முற்றாக ஆறியிருக்கவேண்டும் என்பது. சூட்டோடு வைத்துச் சுற்றினால் ஆவி உள்ளே நீராகி, நீர் பனியாகி, பனி இளகியபோது பாண் ஊறிப்போகும். அதற்காக, ஆறட்டும் என்று சட்டியை மாலைவரை மேசையில் விட்டுவிடவும் கூடாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்கிருமிகள் விரைந்து பெருகும். அகன்ற தட்டிற் பரப்பினால் உள்ளீடு விரைவில் ஆறும். அடுப்பிலிருந்து இறக்கி 2 மணித்தியாலத்துக்குள் குளிருக்குள் சேர்த்துவிடவேண்டும். உறைபனி கிருமியைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது என்பதை மறத்தலாகாது. குளிர் நீங்கியதும் அது விழித்துக்கொள்ளும். கையில் உள்ள புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவிற் சேரும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சோ, மீண்டும் சூடாக்கினாலும் அழியாதது. ஆதலின் கைகளைக் கழுவுதலும், புண்ணுள்ள கையை இவ்வேலையினின்று விலக்கி வைத்தலும், சுத்தத்தின் பேரால் சொல்லும் உபசார வார்த்தைகளல்ல.

சுற்றுவதற்கு முன்னர் வீட்டில் இருந்தது லன்ச் சீட் எனப்படும் மெல்லிய பொலித்தீன் தாள். மண்ணில் மக்காத அவ்வகைத் தாள் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கையிற் தடைசெய்யப்பட்டது. எண்ணெய் ஊறாத தாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுகச் சுற்றி, காற்றை வெளியேற்றிய பையிலோ மூடியுள்ள பெட்டியிலோ அடுக்குதல் போதும். கழுவி மீண்டும் எடுக்கக்கூடிய பெட்டியே மேல். வாழையிலை கட்டுச்சோற்றுக்கு ஒப்பற்றதாயினும் இங்கே பயன்படாது. உறைந்த இலை கிழிந்து காற்றை உள்ளே விடும். காற்றுப் பட்ட இடம் வெளுத்து வறண்டு சுவையற்றுப் போகும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது பெட்டியைப் பொறுத்தது. குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறைக் கதவிலோ உட்பக்கத்திலோ நட்சத்திரக் குறிகள் இருப்பதைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கின்றனர். ஒரு நட்சத்திரம் அவ்வறை உறைநிலைக்குக் கீழ் 6 பாகை வரை குளிரும் என்பதைக் காட்டும். இரண்டு 12 பாகை. மூன்று 18 பாகை. ஒரு நட்சத்திரப் பெட்டியில் உறைந்த உணவை ஒரு வாரத்துக்கு மேல் வைத்தல் தகாது. இரண்டுக்கு ஒரு மாதம். மூன்றுக்கு மூன்று மாதம் என்பர். ஒற்றைக் கதவுள்ள பழைய சிறு பெட்டிகள் பல ஒன்றோ இரண்டோ நட்சத்திரத்துக்கு உரியவை. அத்தகைய பெட்டி உள்ள வீட்டில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்தல் அறிவு. நல்ல பெட்டியாயினும், பாணின் சுவை ஒரு மாதத்துக்குமேல் குன்றத் தொடங்கும்.

உண்ணும் முறை எளிது. முதல்நாள் இரவு படுக்கச் செல்லுமுன் வேண்டிய பொதிகளை உறைபனி அறையிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடவேண்டும். சமையலறை மேசையில் இரவு முழுதும் கிடக்கவிடல் ஆகாது. கண்டியின் குளிரை நம்பியும் விடல் ஆகாது. ஒரே இரவில் பாண் பழசாகிவிடாதோ என்று கேட்போருக்குப் பூசிங்கோலின் விடையே விடை: சூடு காட்டினால் மீளும். காலையில் தோசைக்கல்லை இளந்தீயில் வைத்து, சாண்ட்விச்சை இட்டு, மேலே ஒரு மூடியைக் கவிழ்த்து, புறம் ஒன்றுக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டினால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கொதிக்கும் சூடும் பெறும். மீனும் முட்டையும் உள்ளவை நடுவரை ஆவி பறக்கச் சூடேறவேண்டும். நுண்ணலை அடுப்பு உள்ளவர் பயன்படுத்தலாம். ஆயினும் அதிலிருந்து வரும் பாண் தோலைப் போல் இழுபடும். தோசைக்கல்லுக்கு அது ஈடன்று. ஒருமுறை இளகியதை மீண்டும் உறையவைத்தல் கூடவே கூடாது.

பாடசாலை இடைவேளைக்குக் கொடுத்தனுப்பலாமா என்னும் வினா எழும். காலை 6 மணிக்குக் கட்டியது 10 மணிக்கு மேலேயே உண்ணப்படும். பேருந்தின் வெம்மையிலும் வகுப்பறையின் வெம்மையிலும் நான்கு மணித்தியாலம் இருக்கும் அப்பொதியில் மீனோ முட்டையோ வைத்தல் வேண்டாம். சீனிச் சம்பல் வைத்தது தாங்கும். மீனும் முட்டையும் வீட்டிலேயே, சூட்டோடு உண்பதற்கு உரியவை.

இனி மின்சாரம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச் 31ஆம் திகதி முதல் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை இலங்கையர் எவரும் மறந்திரார். அந்நாட்களில் உறைபெட்டியிற் சேமித்தவர்கள் சேமித்ததை இழந்தார்கள். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்றே காரணம் என்று கூறப்பட்டது. அனுமார் வாலால் இலங்கை எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அச்செய்தி சிரிப்பை மூட்டியிருக்கலாம். உறைபெட்டிக்குள் பத்து நாள் உணவை வைத்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திராது.

தனியாக நிற்கும் பெரிய உறைபெட்டி, நிரம்பியிருந்து கதவும் திறக்கப்படாதிருந்தால், மின்சாரமின்றி ஏறக்குறைய 48 மணித்தியாலம் குளிரைக் காக்கும். பாதி நிரம்பியதாயின் 24 மணித்தியாலம். குளிர்சாதனப் பெட்டியின் சிறு மேலறை அவ்வளவு தாங்காது. வெற்றிடம் இருந்தால் நீர் நிரப்பிய போத்தல்களை, நீர் உறையும்போது விரிவதற்கு மேலே சிறிது இடம் விட்டு, வைத்துவிடலாம். உறைந்த அந்நீரே மின்வெட்டின்போது குளிரைக் காக்கும். வீட்டில் எவரும் இல்லாத வேளையில் மின்சாரம் நின்று மீண்டதா என்று அறிய ஓர் எளிய உபாயமும் உண்டு. ஒரு கோப்பை நீரை உறையவைத்து, அப்பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, உள்ளேயே விட்டுவைக்கவேண்டும். ஊர் சென்று திரும்பிப் பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. அது கோப்பையின் அடியிற் கிடந்தால், எல்லாம் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்பது பொருள். பார்வைக்கு நன்றாகவே தோன்றினும் அப்பொதிகளை எறிந்துவிடவேண்டும். விலைவாசி ஏறிய காலத்தில் உணவை எறிய மனம் வராது. மருத்துவமனைக்குச் செல்லும் செலவு அதனிலும் பெரிது.

மடிகேயில் நோன்பு மாதத்தில் இம்முறையின் பயன் இன்னும் வெளிப்படும். சஹர் உணவுக்காக இருளில் எழுந்து, பகல் முழுதும் நோன்பிருந்து, மாலையில் மீண்டும் கஞ்சியும் பண்டமும் ஆக்கவேண்டிய பெண்ணுக்கு, சஹர் வேளைக்கு வாட்டி எடுக்க ஏதேனும் ஆயத்தமாய் இருத்தல் அரை மணித்தியால உறக்கத்தைத் தரும். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் இந்து வீட்டிலும், போயா தினத்தில் மச்சம் தவிர்க்கும் பௌத்த வீட்டிலும் சைவப் பொதிகளை வேறு பெட்டியில் வைத்து, பெயர் எழுதி ஒட்டிக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

இறுதியாக ஒரு செய்தி உண்டு. அடுப்படிச் சங்கதியில் ஆண்கள் காதைத் திருப்பிக்கொள்ளும் இடமும் அதுவே. இவ்வேலை நிகழவேண்டிய நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஐந்து விடியற்காலைகளை மீட்பதற்காக, ஒருத்தியின் ஒரே ஓய்வுநாட் பிற்பகலும் அடுப்படியிற் கழியுமாயின் அவள் பெற்றது யாது? நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து நாளைக்கு 20 சாண்ட்விச்சுகள் வேண்டும். அதாவது, நான்கு றாத்தல் பாண். தனியொருத்தி செய்தால் பிற்பகல் முழுதும் பிடிக்கும். வெங்காயம் அரிவதற்கு ஒருவர், கிழங்கு மசிப்பதற்கு ஒருவர், மாஜரின் பூசுவதற்கு ஒரு பிள்ளை, சுற்றுவதற்கு இன்னொரு பிள்ளை என்று அமர்ந்தால் அவ்வேலை விரைவில் முடிந்துவிடும். வெங்காயம் அரிதல் தந்தைக்குரிய பங்காக இருப்பது நன்று. சீனிச் சம்பலுக்கு ஒரு கிலோகிராம் வெங்காயம் அரிந்தவர், அதன்பின் காலையுணவைக் குறைகூறமாட்டார்.

பொதியின்மேல் திகதியையும் உள்ளீட்டின் பெயரையும் எழுதும் பொறுப்பு, எழுதப் பழகும் இளைய பிள்ளைக்கு. புதியதைப் பின்னே வைத்துப் பழையதை முன்னே இழுத்துவிடும் பொறுப்பும் அப்பிள்ளைக்கே. திங்கட்கிழமை விடியலில் முதலில் எடுக்கவேண்டியது முட்டை வைத்தது, அதன்பின் மீன். சீனிச் சம்பல் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கும்.